மூன்று அறை, ஓர் அடுப்பு

நான் சிறுவனாக இருந்த காலத்தில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றி 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதிய பலகைகள் இருந்தன. மாடியில் அறைகள், கீழே சாப்பாட்டுக்கூடம். சந்தைக்கு வந்த வியாபாரி இரவு அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, காலையில் இட்லி தின்றுவிட்டுக் கிளம்புவார். பிறகு இரண்டும் பிரிந்தன. லாட்ஜ் தனித் தொழிலாயிற்று, மெஸ் தனித் தொழிலாயிற்று. அந்தப் பழைய சேர்க்கை இப்போது ஊருக்குத் தெற்கே, அமராவதி அணையையும் சின்னாறு காட்டையும் தாண்டி, கேரளத்து மலைமேல் திரும்ப வந்திருக்கிறது. மறையூரிலிருந்து மேலே ஏறினால் வரும் காந்தல்லூரில் இரண்டு மூன்று அறைகளோடு விருந்தினருக்குச் சமைத்துப் போடும் வீடுகள் இருக்கின்றன. தோட்டத்தில் விளைந்ததே இலைக்கு வருகிறது.

இந்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் காற்றையும் பழத்தையும் புகழ்வார்கள். இரண்டும் நல்லவைதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த ஊர் விளைச்சலை அந்த ஊரிலேயே சமைத்துப் போட முடிவதற்கு, சமையலறையை ஒட்டி இருக்கும் அந்த மூன்று அறைகளே காரணம். அறை இல்லாவிட்டால் அந்தச் சமையல் நிலைக்காது. ஏன் என்று சொல்ல, முதலில் மண்ணையும் மழையையும் சந்தையையும் சொல்லியாக வேண்டும்.

மறையூர், காந்தல்லூர், காரையூர், கீழாந்தூர் எல்லாம் சேர்ந்த பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். மதுரைப் பக்கமிருந்து போர்க்காலத்தில் மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது அஞ்சுநாட்டுக் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, அஞ்சுநாடு அடங்கிய தேவிகுளம் தாலுகா கேரளத்தோடு நின்றது. அதற்கு முன்பே, 1954-ல், நேசமணி தலைமையில் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நடந்த போராட்டம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நேற்று நடந்தது போல நினைவிருந்தது. எல்லைக்கோடு ஒரு பக்கம் போனாலும் அடுப்பங்கரை மொழி மாறவில்லை. ரேஷன் அட்டை மலையாளத்தில் இருக்கும். பூண்டு உரிக்கும்போது பேசுவது தமிழாக இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும், ஆஸ்பத்திரிக்கும் துணிக்கடைக்கும் இறங்குவதும் உடுமலைப் பக்கம்தான்.

இனி மழை. மூணாறு ஊருக்கும் மறையூருக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் தென்மேற்குப் பருவமழை மூணாற்றை ஊறவைத்துவிட்டு, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடிக்கும் அதன் சுற்றுமலைகளுக்கும் அப்பால் வருவதற்குள் வறண்டுவிடுகிறது. சின்னாறு காட்டில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 500 மில்லிமீட்டர். கேரளம் என்றதும் கண்முன் வரும் ஈரமும் பாசியும் அங்கே கிடையாது. கள்ளியும் முள்ளும், நட்சத்திர ஆமையும் உள்ள காடு அது. மறையூரில் சந்தனம் வைரம் பாய்ந்து வளர்வதும் இந்த மழைமறைவால்தான். தண்ணீர் மேலிருந்து ஓடையாக வருகிறது. பாம்பாறு கிழக்கே ஓடி, சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகி, கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. கேரளத்து ஆறுகளில் கிழக்கே பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு என்ற மூன்றே. ஆக வெயில், ஓடைத் தண்ணீர், 1,500 மீட்டருக்கு மேல் போகிற உயரம், குளிர்ந்த இரவு என்று நான்கும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. ஆப்பிளும் பிளம்ஸும் கேரட்டும் பூண்டும் கரும்பும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும் ஊர் தென்னாட்டில் வேறெங்கே இருக்கிறது?

கரும்பு கீழே மறையூர்ப் பள்ளத்தாக்கில். ஆலையாட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் அந்த ஊர்ச் சாப்பாடு புரியாது என்பது என் எண்ணம். கொட்டகைக்குள் நுழைந்தவுடனே முகத்தில் ஆவி அடிக்கும். பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுகிறார்கள். சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாக மேலே திரளும். அதை வழித்து வழித்து எறிய வேண்டும். மணிக்கணக்கில் கொதித்து, குமிழி பெரிதாகி, பாகை விரலில் தொட்டு உருட்டிப் பார்த்துப் 'பதம்' என்று ஒருவர் சொல்லும்வரை யாரும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். பிறகு மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறும் முன்பே கையால் உருண்டை பிடிப்பார்கள். அச்சு கிடையாது. உருண்டையில் விரல் பதிந்த தடம் தெரியும். நிறம் கருத்த பழுப்பு. கடைத்தெருவில் பளபளக்கும் மஞ்சள் வெல்லத்துக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுக்க வைத்திருப்பார்கள், இது அப்படியில்லை. கரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு வெல்லமாகத் தேறினால் அதுவே நல்ல கணக்கு. மறையூர் சர்க்கரைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையாளிகள் வெல்லத்தைச் சர்க்கரை என்பார்கள். வெளியூர்க்காரர்கள் தடுமாறும் இடம் இது. வெளியிலிருந்து வரும் மலிவு வெல்லத்தைக் கலந்து, மறையூர் பெயரில் விற்கும் பழக்கம் குறியீடு வந்த பிறகும் ஒழியவில்லை. வாங்குகிறவர் கொட்டகைக்கே போய்விடுவது நல்லது.

பூண்டு மேலே விளைகிறது, காந்தல்லூரிலும் வட்டவடையிலும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் குறியீடு வந்தது. மலையின் இந்தப் பக்கத்துப் பூண்டுக்கு 2022-ல் வந்தது. பல் சிறியது, காரம் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டும். நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பழைய வீடுகளில் தாளோடு கத்தை கட்டி அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டிருப்பார்கள். அடுத்த போகத்துக்கு விதையும் அதுவே, அன்றாடக் குழம்புக்கும் அதுவே.

இவ்வளவு விளையும் ஊரில் உள்ளூர்ச் சாப்பாடு தானாகவே கிடைத்துவிடும் என்று நினைப்போம். முதல் தடவை நானும் என் மனைவியும் அப்படித்தான் ஏமாந்தோம். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குப் போனோம். வாசலில் 'தோட்டத்திலிருந்து தட்டுக்கு' என்று பலகை. இரவுக்கு வந்தது பனீர் பட்டர் மசாலாவும் உறைபட்டாணி போட்ட புலாவும். ஜன்னலுக்கு வெளியே நிலவில் முட்டைக்கோஸ் பாத்திகள் தெரிந்தன. கோபத்தைவிட வருத்தமாக இருந்தது. சமையல்காரப் பையனைக் கேட்டேன். "காய் எல்லாம் காலையில லாரில போயிருங்க சார். எங்களுக்கு வாரம் ஒருக்கா உடுமலைல இருந்து வண்டி வரும்" என்றான்.

அவன் சொன்னதில் முழு விஷயமும் இருந்தது. மலைக்காய் என்பது மொத்த வியாபாரச் சரக்கு. பறித்த அன்றே மூட்டை கட்டி, கீழே உடுமலைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ மூணாறு வழியாகக் கொச்சிப் பக்கமோ போயாக வேண்டும். பூண்டானால் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்கும் போகும். விதைக்கும்போதே ஓணத்தைக் கணக்கிட்டு விதைக்கிறார்கள்; ஆவணியில் கேரளம் முழுக்க அவியலுக்கும் சாம்பாருக்கும் காய் கேட்கும். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய விவசாயி, இரண்டு கிலோ பீன்ஸைப் பக்கத்து விடுதிக்குத் தனியாக எடுத்துக் கொடுக்க முடியாது. விடுதிக்கும் அது தோதுப்படாது. இன்று இரவு நாலு பேர் வருவார்களா நாற்பது பேர் வருவார்களா என்று தெரியாத அடுப்பு, எதற்கும் தயாராக இருக்க வேண்டும். எதற்கும் தயாராக இருக்க வேண்டுமானால் ஐம்பது வகை எழுதிய அட்டை வேண்டும்; ஐம்பது வகைக்குக் குளிர்பெட்டி வேண்டும்; குளிர்பெட்டிக்கு எல்லா ஊரிலும் ஒன்றுபோலக் கிடைக்கும் சரக்கு வேண்டும். பனீரும் உறைபட்டாணியும் அந்த மலைக்கு வந்தது இப்படித்தான். யாருடைய சோம்பலும் காரணமில்லை.

இப்போது அறைகளுக்கு வருவோம். மூன்று அறையும் நிறைந்தால் ஆறு பேர், குழந்தைகளோடு எட்டு. முதல் நாளே தெரிந்துவிடும். யார் கறி சாப்பிடுவார்கள், யாருக்குச் சர்க்கரை நோய், கைக்குழந்தை உண்டா என்பதும் தெரியும். எட்டுப் பேருக்கு இரவும் காலையும் என்ன வேண்டுமோ அதை மட்டும் பறித்தால் போதும். பாத்தி ஓரத்தில் நிற்கும் நாலு மரத்தக்காளிச் செடி சந்தைக்கு உதவாது. லாரிக்காரர் சீண்ட மாட்டார். எட்டுப் பேருக்குச் சட்னிக்கு அது தாராளம். மழைக்குப் பிறகு வேலியில் தழைக்கும் கீரை, அவரைக்கொடியின் பிஞ்சு, ஒரு பக்கம் கறுத்துச் சந்தையில் கழிபடும் பிளம்ஸ், அடிபட்ட ஆப்பிள் எல்லாம் இந்தச் சமையலுக்குள் இடம்பெறும். சந்தைக்குச் சிறியது, வீட்டுக்குப் பெரியது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு விளைச்சல் உண்டு. அதுவரை அது ஆட்டுக்கும் உரக்குழிக்கும் போய்க்கொண்டிருந்தது. அறை வந்ததும் அதற்கு விலை வந்தது.

பணக் கணக்கும் அப்படித்தான். சாப்பாட்டை மட்டும் விற்றால், கையால் ஆட்டி விறகடுப்பில் வேகவைத்த நாட்டுக்கோழிக் குழம்புக்கு யாரும் நியாயமான விலை தர மாட்டார்கள். கீழே டவுனில் என்ன விலை என்று ஒப்பிடுவார்கள். அறை வாடகையோடு சேர்ந்து வரும்போது அந்த உழைப்புக்கு மறைமுகமாகவேனும் கூலி கிடைத்துவிடுகிறது. காடும் இதற்கு ஒரு காரணம். இருட்டிய பிறகு சின்னாறு சாலையில் யானைகள் நிற்கும். இரவு விருந்தைச் சாப்பிட்டுவிட்டு உடுமலைக்கு இறங்கிவிடலாம் என்று அந்தப் பாதை தெரிந்த யாரும் நினைக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாடு என்றால் அங்கே இரவுத் தங்கலும் சேர்த்தே.

ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். பிரான்சில் ஓபெர்ஜ் என்று சொல்லப்படும் கிராமத்து விடுதிகளில் அடுப்புதான் முதன்மை, அறை அதற்குத் துணை. மிஷெலின் டயர் நிறுவனம் 1900-ல் தன் வழிகாட்டி நூலை வெளியிட்டதே, மக்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகட்டும், டயர் தேயட்டும் என்றுதான். 1926-ல் நல்ல சமையலுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று நட்சத்திரத்துக்கு அவர்கள் வகுத்த பொருள், அந்தச் சாப்பாட்டுக்காகவே தனிப் பயணம் போகலாம் என்பது. நமக்கும் இது அந்நியமில்லை. ராணி மங்கம்மாள் பெயரில் மதுரையில் இன்றும் நிற்கும் சத்திரத்தைப் போல, சோறும் படுக்கையும் ஒரே கூரையில் கிடைப்பது வழிப்போக்கனுக்கு நாம் செய்த பழைய ஏற்பாடு.

போன ஆடி மாதம் நாங்கள் தங்கிய வீட்டில் நடுவயதுத் தம்பதி. மூன்று அறை, பின்னால் அரை ஏக்கர் தோட்டம், அதற்கும் மேலே பூண்டுக்காடு. முதல் நாள் போன் செய்தபோது அந்த அக்கா வாடகையைப் பேசவில்லை. "எத்தன பேரு வர்றீங்க தம்பி? கறி உண்டா? மலையேறி வரும்போது பசங்களுக்குத் தல சுத்துமா?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்ததும் வெல்லம் போட்ட சுக்குக் காப்பி. குழந்தைகளுக்குப் பாஷன் பழத்தைப் பிளந்து, விதையோடு கரைத்து, அதே வெல்லத்தூள் போட்ட சாறு.

இரவுக்குக் கேழ்வரகுக் களியும் சோறும் இரண்டும் இருந்தன. களி அந்த மலையின் மூத்த உணவு. கரும்புக்கும் கேரட்டுக்கும் முன்னால், அந்த மலைப் பழங்குடிகளான முதுவர்கள் காட்டுச் சரிவில் விதைத்தது கேழ்வரகும் தினையும் சாமையும்தான். சின்னாறு காட்டுக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில் மறைந்துகொண்டிருந்த கேழ்வரகு வகைகளை வனத்துறை உதவியோடு மீட்டு விதைத்தார்கள். களிக்குப் பட்டர் பீன்ஸ் குழம்பு. அந்த பீன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: தொலியை உரித்தால் பெரிய வெள்ளைக் கொட்டை, வெந்ததும் வெண்ணெய்போல நாக்கில் கரையும், பறித்த அன்றே சமைத்தால்தான் அந்தக் கரைசல். உடுமலைச் சந்தையில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன், இரண்டு நாள் மூட்டையில் கிடந்த பிறகு. அது வேறு காய் என்றே சொல்வேன். கூடவே தணலில் சுட்ட முழுப் பூண்டு. மேல்தோலைப் பிதுக்கினால் பல் பசையாக வெளியே வரும். உப்பும் நல்லெண்ணெயும் தொட்டுக் களியோடு தின்ன வேண்டும். மரத்தக்காளியை அதே தணலில் வாட்டி, பச்சைமிளகாயோடு அரைத்த சட்னி புளி போடாமலே புளித்தது. கடைசியில் அடிபட்ட பிளம்ஸை வெல்லப்பாகில் வேகவைத்துத் தயிரோடு கொடுத்தார். எனக்குத் தெரிந்து அந்த ஊரின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே கிண்ணத்தில் சேர்வது அதில்தான்.

எல்லாமே தோட்டத்தில் விளைந்ததா என்று என் மனைவி கேட்டார். அக்கா மறைக்கவில்லை. அரிசி உடுமலையிலிருந்து. தேங்காய் பொள்ளாச்சிப் பக்கம். அந்தக் குளிரில் தென்னை சரியாகக் காய்க்காது. எண்ணெய் காங்கேயம். கோழி பக்கத்து வீட்டுடையது, மிளகாய் கடையில் வாங்கியது. "காந்தல்லூர்லயும் முன்னே நெல்லு வெளைஞ்சுது. எங்க அப்பா நடவு நட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். நெல்வயல் போனதற்குப் பணப்பயிர் ஒரு காரணம், கிராண்டிஸ் இன்னொன்று. அது தைலமர வகை. ஆள் கூலி இல்லாமல் வளரும், வெட்டி விற்கலாம் என்று நிலம் நிலமாக நட்டார்கள். அது உறிஞ்சிய நீரில் ஓடைகள் மெலிந்தன. இலையில் விழும் சோறு ஏன் கீழிருந்து வருகிறது என்று கேட்டால், பதில் அந்த மரங்களில்தான் போய் முடியும்.

அரசுத் தரப்பிலும் இதற்கு ஒரு வழி போட்டிருக்கிறார்கள். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும், விருந்தினர் அறை ஆறுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆறு என்ற எண் வரி வசதிக்காக வைத்ததுபோலத் தெரியலாம். சமையலறையில் நின்று பார்த்தால் அதன் நியாயம் வேறு: ஒரு குடும்பம், ஓர் அடுப்பு, ஒரு தோட்டம் தாங்கும் அளவு அது. அதைத் தாண்டினால் ஆள் வைக்க வேண்டும், சரக்கு வாங்க வேண்டும், பலகையில் எழுதியது பொய்யாகத் தொடங்கும். சுற்றுலாவின் பயன் ஊர்க்காரர்களுக்கே சேர வேண்டும் என்று 2008-ல் குமரகம் உள்ளிட்ட நாலு இடங்களில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலா முயற்சி, 2017-ல் தனி இயக்கமாயிற்று. காந்தல்லூரும் அதில் சேர்ந்தது. 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருது காந்தல்லூருக்குக் கிடைத்தது.

விருதுக்குப் பிறகு கூட்டம் பெருகிவிட்டது. எனக்கு இங்கேதான் கவலை. விடுமுறை நாட்களில் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. பாத்திகளை மூடிக் கட்டடம் எழுப்பினால் நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. பூண்டு போடுவதைவிட அறை போடுவது லாபம் என்று இளையவர்கள் கணக்குப் போடுவதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருடம் பூண்டு விலை விழுந்தால் கடனை அடைக்க அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் தோட்டத்தை அறை தாங்குவதும், தோட்டத்தை அறை விழுங்குவதும் ஒரே சரிவில் நடக்கின்றன. எத்தனை அறை என்பது மட்டுமே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அந்த அக்காவிடமும் மாடியில் இன்னும் நாலு அறை போடச் சொல்லி வெளியூர் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். பணமும் அவர்களே போடுவதாகச் சொன்னார்களாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. விருந்தினரோடு பேசுவதும் கொட்டகைக்கு அழைத்துப்போவதும் வீட்டுக்காரர் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து விறகு மூட்டி, களி கிண்டி, பாத்திரம் கழுவி, படுக்கை விரிப்பு துவைப்பது அக்காவும் அவர் மருமகளும். உள்ளூர்ச் சமையல் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் பெண்களின் உள்ளூர் உழைப்பு. அந்த வீட்டில் சாப்பாட்டுக் கணக்கைத் தனி நோட்டில் எழுதுகிறார்கள், அந்தப் பணம் பெண்கள் இருவர் கையில் தனியாக நிற்கிறது. மருமகள் அதைச் சொன்னபோது, பேச்சோடு பேச்சாக நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் தேதியும் ஆள் எண்ணிக்கையும் இருந்தன. பக்கத்திலேயே அன்று தோட்டத்தில் பறித்தது என்ன என்றும் எழுதியிருந்தது. ஆடி 10, ஏழு பேர், பட்டர் பீன்ஸ், கீரை, மரத்தக்காளி பதினொன்று.

மறுநாள் காலை கிளம்பும்போது பூண்டு இரண்டு கத்தை கேட்டேன். ஒரு கத்தைதான் கொடுத்தார். மீதி விதைக்கு வேண்டும், அடுத்த வாரம் ஆறு பேர் வருகிறார்கள் என்றார்.